நிறைக்கு அறுத்த கதிர்

“இது நமது கல்லூரியின் முன்னேற்ற ஆண்டு” என்று முதல்வர் ஆண்டு விழாவில் பேசினார். பெண்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் கடைசி ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். பம்பு செட் வந்தது, இரும்புக் கலப்பை வந்தது, கயிறு பிடித்து நடுகிற ஜப்பான் முறை வந்தது, மாணவர் விடுதிக்கு ஓடு போட்டது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். தட்டி முடித்ததும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. முன்னேற்றமாம். எந்தக் கண் கொண்டு பார்த்தால் அது முன்னேற்றமாகத் தெரியுமோ, அந்தக் கண் எனக்கு அந்த வருடம் இல்லை.

எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. மேலதிகாரிகள் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் போவார்கள். மலையடிவாரத்தில் இருந்த எங்கள் கல்லூரிக்கு விவசாயக் கல்லூரி என்று பெயர்தான் பெரிதே தவிர, பையன்கள் பாதி நாள் காக்கி நிக்கரோடு வயலில்தான் நின்றார்கள். செய்து படிப்பதுதான் அங்கே படிப்பு. எரு மக்க வைப்பது, வரப்பு வெட்டுவது, பரம்படிப்பது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. “எங்க அப்பன் எனக்கு மார்க்கே போடாம இதைத்தான் சொல்லித் தந்தாரு” என்று ஒரு பையன் சொல்லிச் சிரிப்பான். என் வீட்டுக்காரர் அங்கே வாத்தியார். விதை நெல் அவர் பொறுப்பு. நான் பக்கத்து ஊர் மிஷன் பள்ளியில் டீச்சர். கல்லூரி மதிலை ஒட்டியிருந்த குவார்ட்டர்சில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளை இல்லை.

அவர் பிறந்தது இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம். கடலுக்கு நெருங்கின ஊர். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் மலையடிவாரத்தில் இருக்கிறவர்களுக்குக் கரை தட்டி ஓடும். கால்வாயின் கடைசி மடையில் இருக்கிறவர்களுக்கு, மற்றவர்கள் குடித்து, குளித்து, மாடு கழுவிய பிறகு மிஞ்சியதுதான். கன்னிப்பூ சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுக்கிற பயிர். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் கடைமடைக்குத் தண்ணீர் நின்றுபோகும். வைக்கோல் கிடைக்கும், நெல் கிடைக்காது. என் மாமனார் வரப்பில் நின்று ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதுவாராம். எல்லாம் பறந்து போகுமாம். உள்ளங்கையில் ஒன்றும் நிற்காது. சின்ன வயதில் அதைப் பார்த்து நின்றதைச் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் தன் கையை விரித்துப் பார்ப்பார்.

தண்ணீரைக் கூட்ட அவரால் முடியாது. அதனால் தண்ணீர் நிற்பதற்கு முன்னால் விளைந்து முடிகிற நெல் வேண்டும் என்று ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடம் ஏதோ ஒரு வயலில், மற்றப் பயிரெல்லாம் பச்சையாய் நிற்கும்போது ஒரே ஒரு தூர் மட்டும் பழுத்து நின்றதைப் பார்த்திருக்கிறார். அதை வேரோடு பெயர்த்து வந்து வீட்டின் பின்னால் ஒரு உடைந்த பானையில் வைத்தார். பானையிலிருந்து பாத்தி, பாத்தியிலிருந்து வயலின் ஒரு மூலை. கோழியை விரட்டுவது என் வேலை. அந்த நெல்லுக்கு நுனியில் லேசாய் ஒரு செம்பு நிறம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் அடையாளம் சொல்லிவிடுவேன், அந்த அளவுக்கு அதோடு கிடந்தோம்.

முன்னேற்ற ஆண்டில்தான் முதல்வர் அவருக்குச் சாலை ஓரத்தில் ஒரு துண்டு வயல் கொடுத்தார். ஒரே ஒரு போகத்துக்கு. அதற்குப் பிறகு அந்த இடம் ஜப்பான் முறைக்குப் போகும், அதிகாரிகள் காரில் இருந்தபடியே பார்ப்பதற்கு அதுதான் வாகான இடம் என்றார். இந்த விளைச்சல் வந்தால் கடைமடை ஊரில் வீட்டுக்கு ஒரு மரக்கால் விதை கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். கையிலிருந்த விதை அத்தனையையும் இறக்கிவிட்டார். ஒரு பிடியாவது தகர டப்பாவில் வையுங்கள், வயலை நம்பி இருக்க முடியாது என்று நான் சண்டை போட்டேன். வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றார். அவருக்கு இருமல் தொடங்கி அப்போது கொஞ்ச நாள் ஆகியிருந்தது. விதைக்கிறவன் எதற்காக இப்படி அவசரப்படுகிறான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கி என்ன பிரயோசனம்.

பயிர் அவரை ஏமாற்றவில்லை. ஆடி மாதம், சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை நிற்க, அந்தத் துண்டு மட்டும் மஞ்சளாய்ச் சாய்ந்து நின்றது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற அக்கா கால்வாய்க் கரையில் குடியிருந்தாள். காலையில் செம்போடு வரும்போது, “சாறுக்க வயலுல லெச்சுமி முந்தியே வந்திட்டா, டீச்சரே” என்று ஒரு நாள் தவறாமல் சொல்வாள். சார் என்று அவளுக்கு வராது, சாறுதான். கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அறுப்பதாக இருந்தோம்.

அதற்குள் ஒரு நாள் காலை அவர் துப்பியதில் ரத்தம் இருந்தது. நான் அவரை முதல் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, நெஞ்சில் இரண்டு பக்கமும் காசம் இருக்கிறது, மலைப்பக்கம் ஈரத்தில் வேலை செய்யக் கூடாது, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று சொன்னார். பிழைப்பாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்து சாலையில் இறங்கும்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. இருவரும் ஊருக்குள்ளே நடந்தோம்.

ஒவ்வொரு வீட்டு நிலையிலும் மாவிலையும் ஆலிலையும் சாணியால் ஒட்டி, நடுவில் ஒரு பிடி கதிர் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அன்றைக்கு நிறை. முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டு வருகிற நாள். விடியும் முன்னே போய் எந்த வயலில் கதிர் முற்றியிருக்கிறதோ அங்கே ஒரு பிடி அறுத்து, தலையில் வைத்து, “நிறை பொலி, நிறை பொலி” என்று சொல்லிக்கொண்டு வந்து கட்டுவார்கள். யார் வயல் என்று பார்க்க வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. வயல்காரனுக்கு அது ஐசுவரியம். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், வேதக்காரர்கள் என்பார்கள். எங்களுக்கு நிறை கிடையாது. அது பக்கத்து வீட்டு விசேஷம், அவ்வளவுதான். வழக்கமாக அன்றைக்கு ஊரில் முற்றிய கதிர் கிடைக்காமல் பாதிப் பச்சையைத்தான் கட்டுவார்கள். அந்த வருடம் எல்லா வாசலிலும் தங்க நிறம்.

டாக்டர் சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரை எதையாவது பேசித் தேற்ற வேண்டுமே என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

“இந்த வருசம் நிறை பாக்க நல்லா இருக்கு, இல்லியா?” என்றேன்.

அவர் நின்றார். ஒரு வாசலுக்குப் பக்கத்தில் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த வாசல். அதற்கு அடுத்தது.

“ஏட்டி, இது நம்ம நெல்லு” என்றார்.

நானும் பார்த்தேன். நுனியில் செம்பு நிறம்.

சுற்றுப்பட்டு ஊர் அத்தனைக்கும் முற்றிய கதிர் எங்கள் வயலில் மட்டுமே இருந்திருக்கிறது. இந்த ஊர், அந்த ஊர், கோயில் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு பிடி. யாரும் இரண்டு பிடி எடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே இறங்குவதற்கு முள்வேலியை விலக்கியவர்கள் திரும்ப வைக்கவில்லை. அன்றைக்குத்தான் பம்பு செட் திறப்பு விழா. கல்லூரியில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் அங்கே போய் நிற்க, உழவு மாடுகளைக் கழற்றி விட்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மிச்சத்தை மாடுகள் தின்று முடித்து, மிஞ்சிய அடித்தாளில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. கிணற்றுப் பக்கம் எஞ்சின் படபடவென்று ஓட, பையன்கள் சிரித்துக் கத்துவது கேட்டது. அவர் வயலில் இறங்கிக் குனிந்து தேடினார். சேற்றில் மிதிபட்டுக் கிடந்ததைப் பொறுக்கிக் கையில் தேய்த்து ஊதினார். உள்ளங்கையில் ஒன்றும் நிற்கவில்லை. எனக்கு என் மாமனாரை அங்கே பார்த்த மாதிரி இருந்தது, அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே நான் பால் அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் வாசலில் நின்றே கேட்டேன். கட்டித் தொங்கப் போடுவதற்கா அந்த மனிதர் வருடக்கணக்கில் கிடந்து பாடுபட்டார், அவிழ்த்துக் கொடு, விதை வேறு எங்கேயும் கிடையாது என்றேன். அவள் முதலில் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். பிறகு புரிந்து, கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“எனக்குத் தெரியாது டீச்சரே. பழுத்து நிக்குன்னு ஊரு முழுக்கச் சொன்னதே நான்தான். சாறுக்குச் சந்தோசமாட்டு இருக்கும்னு நெனச்சேன்.”

“அப்பம் அவுத்துத் தா.”

“கட்டின நிறையை இடையில இறக்குனா, வீட்டுல உள்ளது கூடவே இறங்கிப் போவும்பாவ. எனக்கு ரெண்டு பிள்ளையளு இருக்கு. அடுத்த நிறை அன்னைக்கு இறக்குவோம். ஒரு மணி குறையாமக் கொண்டு தாறேன்.”

அடுத்த வீட்டிலும் அதுதான் பதில். நான் கொஞ்சம் தடித்த வார்த்தை பேசினேன். உங்கள் வீட்டு லட்சுமி எங்கள் வீட்டைப் பிடுங்கித்தான் வர வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு உட்கார முக்காலி போட்டார்கள். நான் உட்காராமல் வந்தேன்.

வீட்டில் அவர் என்னைத்தான் கோபித்தார். வேதக்காரி வீடு வீடாக வந்து நிறையை இறக்கச் சொன்னாள் என்று ஆகும், கல்லூரிக்கும் கேடு, நம் சபைக்கும் கேடு, இனி ஒரு வாசலில் போய் நிற்கக்கூடாது என்றார். நான் விடவில்லை. அவர்கள் அறுத்தது நியாயமா என்று கேட்டேன்.

“பழுத்ததுனாலதானட்டி அறுத்தாவ. பச்சையாட்டு நின்னிருந்தா ஒருத்தன் திரும்பிப் பாத்திருப்பானா?” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “நெல்லு எங்கயும் போகல்ல. வீடு வீடாட்டுத் தொங்குது. அடுத்த நிறைக்கு இறக்குவாவ, வாங்கிக்கிடலாம்.”

காத்திருக்க அவருக்கு மனம் இருந்தது. நெஞ்சு இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது, ஆனால் யார் முதலில் சொல்வது. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அன்று அவர் தடுத்திராவிட்டால், காலில் விழுந்தாவது ஒரு கதிர் வாங்கியிருப்பேன். எங்காவது ஒரு வீட்டில் மனம் இரங்கியிருக்கும். ஊர் மனம் நோகக்கூடாது என்று பார்த்தாரே, என் மனதைப் பார்த்தாரா.

அந்தத் துண்டு வயலில் அடுத்த போகமான கும்பப்பூவுக்குக் கயிறு பிடித்து ஜப்பான் முறையில் நட்டார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முதல்வர் நல்ல மனிதர்தான். அடுத்த வருடம் வேறு இடம் தருகிறேன், உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார். தை மாதம் ஆண்டு விழா. முன்னேற்றத்துக்குக் கை தட்டிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. மாசி பிறந்து, வயலெல்லாம் அறுப்பு நடந்துகொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தார். பையன்கள்தான் தூக்கினார்கள். ஊரிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பால் அக்கா கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஊருக்குள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நிறை வரட்டும் என்றுதான் இருந்தேன்.

ஆடி வந்தது. நிறை அன்றைக்கு நான் விடியும் முன்னே எழுந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதலில் பால் அக்கா வந்தாள். வாழையிலையில் பொதிந்து கொண்டு வந்ததை என் முன்னால் வைத்தாள். போன வருடத்துக் கதிர். புகையில் கறுத்து, சாணி ஒட்டி, தூசி படிந்து இருந்தது. அவளுக்குப் பின்னாலே நான் தடித்த வார்த்தை பேசிய வீட்டுக்காரி. பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். கோயிலில் கட்டியதைக்கூட ஒருவர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். “சாறுக்குள்ளது” என்று சொல்லி வைத்தார்கள். என் வீட்டுக்காரர் சொன்னது சொன்னபடி நடந்தது. வாங்கிக்கிடலாம் என்றவர் மட்டும் இல்லை. அன்றுதான் என் ஆத்திரமெல்லாம் உடைந்து, பால் அக்கா தோளில் சாய்ந்து அழுதேன்.

அத்தனையையும் ஒரு சாக்கில் கட்டி, மறுநாளே கடைமடையில் இருந்த மாமனார் வீட்டுக்குக் கொண்டு போனேன். மாமனார் முற்றத்தில் பாயை விரித்து, கதிரைக் கையால் உருவி, சுளகில் போட்டுப் புடைத்தார். பாதி பறந்தது. வண்டு குடைந்து வெறும் உமியாய் இருந்தது. மீதியை ஒன்று இரண்டு எடுத்துக் கடித்துப் பார்த்தார். விதைப்புக்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும், ஆனால் உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம் என்று, ஒரு பிடியை ஊற வைத்து ஈரத் துணியில் கட்டி வைத்தார். ஒரே வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்த்து வாசலில் தொங்கிய நெல். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். அந்த வீட்டில் அந்தத் துணியைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அவிழ்த்தபோது முளை இல்லை. புளித்த வாடைதான் வந்தது. இன்னொரு பிடி போட்டார். அதுவும் அப்படித்தான். பிறகு மனம் கேளாமல் மிச்சத்தையும் போட்டார். அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

“மக்கா, இது முளைக்காது” என்றார். “அவனும் இல்ல, அவனுக்க நெல்லும் இல்ல.”

நான் ஊருக்குத் திரும்பினேன். பால் அக்கா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். என் ஒருத்திக்கு ஒரு தம்ளர் பால் போதும், ஆனால் அவள் செம்பைச் சாய்த்து எப்போதும் கூடத்தான் ஊற்றுவாள்.

“சாறுக்க நெல்லு முளைச்சுதா, டீச்சரே?” என்று கேட்டாள்.

அவள் கேட்ட விதத்தில், வீட்டு நிலையில் அந்தக் கதிரை ஒரு வருடம் காத்து வைத்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து கேட்ட மாதிரி இருந்தது. பல்லி தட்டாமல், பிள்ளைகள் பிய்க்காமல், அணில் கொறிக்காமல் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு என்ன சொல்வது என்று யோசிக்க நேரம் இல்லை.

“முளைச்சுது அக்கா” என்றேன்.

அவள் இரண்டு கையையும் கூப்பி, மேலே பார்த்துக் கும்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போச்சேன்னு இத்தனை நாளும் உறங்கல்ல என்றாள். பிறகு செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்டவள், படியில் திரும்பி நின்றாள்.

“அப்பம் வாற நிறைக்கு நாங்க சாறுக்க ஊருக்கு வந்துதான் கதிரு எடுக்கணும். சாறுக்க வயலுல முதல்ல பழுத்திரும் இல்லியா?”

“அது ரொம்பத் தூரம், அக்கா” என்றேன்.